கன்வர்ட்டர் உட்கார்ந்ததா?

ஜேசிபி வண்டியில் என்ஜின் சுற்றுகிறது, சக்கரம் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் இரும்பு இரும்பைத் தள்ளுவதில்லை, ஆயில்தான் தள்ளுகிறது. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் இறக்கைகள் ஆயிலை வீசியடிக்கின்றன. எதிரே கியர் பாக்ஸ் தண்டில் இருக்கும் இறக்கைகள் அந்த அடியை வாங்கிச் சுற்றுகின்றன. இது நடக்கிற மூடிய உருண்டைப் பாத்திரத்துக்கு டார்க் கன்வர்ட்டர் என்று பெயர். பட்டறையில் ‘கன்வர்ட்டர்’ என்றால் போதும். ஆயிலை நம்பி ஓடுகிற சாமான்தானே, பொருத்தும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்டவர்களின் வண்டிகளைத் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பட்டறை வாசல்களில் பார்க்கலாம்.

இந்த நாற்பது கிலோமீட்டருக்குள் பழைய வண்டிகள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் சாலைதான். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை நான்குவழிச் சாலை 2004 வாக்கில் முடிந்தது. அங்கிருந்து உளுந்தூர்பேட்டை வரை 2009 வாக்கில். பிறகு விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கு, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வழியாக நாகப்பட்டினத்துக்கு என்று மண் வேலை ஓயவில்லை. வானூர்ப் பக்கம் திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகள் வேறு. பெரிய ஒப்பந்தக்காரர் புதிதாக வாங்கிய வண்டி சில ஆண்டுகளில் சின்ன ஒப்பந்தக்காரரிடம் வரும். அவர் கழித்துவிடும்போது, ஊரில் நகையை அடகு வைத்து ஒருவர் வாங்குவார். அந்த மூன்றாவது ஆள்தான் நான் பேசுகிற ஓனர். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கடைக்கால் தோண்ட, கிணற்று மேட்டைக் கலைக்க, ஏரி மண் அள்ள, சில நாள் சுடுகாட்டில் குழி வெட்டவும் கூப்பிடுவார்கள். வண்டி நின்றால் வாடகை நிற்கும், தவணை நிற்காது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் ரயில் பாலத்தடியில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் வந்தது. அந்த மாதிரி நாட்களில் முதலில் தேடப்படுவது இந்த மஞ்சள் வண்டிதான். உடைப்பை அடைக்க வேண்டும், சாய்ந்த மரத்தை இழுக்க வேண்டும், சேற்றை வழிக்க வேண்டும். வண்டியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேலை செய்யும். கியர் பாக்ஸ் மூச்சுவிட ஒரு சின்ன வழி வைத்திருப்பார்கள். சூடாக ஓடிய கியர் பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் நின்றால் உள்ளே காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மறுநாள் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில், பால் அதிகமாக ஊற்றிய டீ நிறத்தில் இருக்கும்.

அப்போது ஆயிலை மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கீழே போல்ட்டைக் கழற்றினால் கியர் பாக்ஸில் இருப்பதுதான் இறங்கும். கன்வர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களுக்குள்ளும் இருக்கும் தண்ணீர் கலந்த ஆயில் அப்படியே நிற்கும். புது ஆயில் ஊற்றியவுடன் அதோடு கலந்துகொள்ளும். வண்டி ஓடும், சில மாதங்கள் நன்றாகவே ஓடும். துரு அவசரப்படுவதில்லை.

கன்வர்ட்டர் மண்ணுக்காக உண்டானதல்ல. அன்றைய ஜெர்மனியில் ஸ்டெட்டின் நகரத்து வுல்கான் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் பலன் தரும். கப்பலைத் தள்ளும் விசிறியோ மெதுவாகச் சுற்ற வேண்டும். அத்தனை விசையைத் தாங்கும் பல்சக்கரத்தை நம்பகமாகச் செய்வது அந்தக் காலத்தில் கடினம். அதனால் பல்லுக்குப் பதிலாகத் திரவத்தை நடுவில் வைத்தார். 1945 ஏப்ரலில் பெர்லின் வீழ்ந்துகொண்டிருந்தபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் அட்டக்ஸெட்டரில் ஜேசிபி கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு ஒரு சின்னக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, போரில் மிஞ்சிய இரும்பைக் கொண்டு விவசாய டிரெய்லர் செய்யத் தொடங்கினார். 1953இல் டிராக்டரின் பின்பக்கம் தோண்டும் கையைப் பொருத்தினார். 1979இல் எஸ்கார்ட்ஸ் என்ற இந்தியக் கம்பெனியோடு சேர்ந்து ஹரியானாவின் பல்லப்கரில் தொழிற்சாலை வந்தது. 2003இல் எஸ்கார்ட்ஸின் பங்கை ஜேசிபியே வாங்கிக்கொண்டது. பிறகு வேறு கம்பெனி வண்டிகளும் வந்துவிட்டன. நம்மூரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

மண்ணுக்கு இது ஏன் ஒத்துப்போனது என்பதைப் பக்கெட் மேட்டில் குத்தி நிற்கிற நேரத்தில் பார்க்கலாம். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், வண்டி நகரவில்லை. சாதாரண கிளட்ச் வைத்த வண்டியாக இருந்தால் என்ஜின் அணைந்துபோகும், அல்லது கிளட்ச் தட்டு கருகும். இங்கே என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் நிற்கிறது, நடுவில் ஆயில் சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதுவும் சும்மா வாங்குவதில்லை. இரண்டு இறக்கைத் தொகுதிகளுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்று மூன்றாவது ஒன்று உண்டு. திரும்பி வருகிற ஆயிலை அது என்ஜின் சுற்றும் போக்கிலேயே திருப்பி அனுப்புகிறது. இதனால் வண்டி நிற்கும் நிலையில், உள்ளே போன முறுக்கு விசை வெளியே வரும்போது இரண்டு மடங்குக்கு மேலும் ஆகக்கூடும். வண்டி வேகமெடுத்துவிட்டால் இந்தத் திருப்புதல் தடையாகிவிடும். அதற்காக ஸ்டேட்டருக்குள் ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் கிளட்ச் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஸ்டேட்டர் தானும் ஆயிலோடு சுற்றத் தொடங்கிவிடும்.

தண்ணீர் கெடுத்தால் கெடுகிற இடங்களில் இந்த ஒருபக்கக் கிளட்ச்சும் ஒன்று. அது இரண்டு பக்கமும் வழுக்கினால் வண்டி சமதளத்தில் ஒழுங்காக ஓடும், மேட்டில் குத்தினால் பலம் இருக்காது. இறுகிப் பிடித்துக்கொண்டால் இழுவை சரியாக இருக்கும், ரோட்டில் வேகம் ஏறாது, ஆயில் சூடேறும். பட்டறையில் இந்தப் பேச்சு இப்படி நடக்கும்:

“அண்ணா, ரோட்டுல நல்லா போவுது. மண்ணுல குத்தினா மட்டும் இழுக்க மாட்டேங்குது.”

“முன்னாடி பின்னாடி ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்தான்.”

“எல்லா கியர்லயும்?”

“எல்லாத்துலயும்.”

“அப்ப கியர் பாக்ஸ் உள்ளார இருக்கிற கிளட்ச் பேக்க ஏன் பிரிக்கணும்? மொதல்ல ஆயிலு, பிரஷரு, என்ஜின் பலம் பாக்கலாம். அதெல்லாம் சரின்னா கன்வர்ட்டர்தான்.”

இதைக் கேட்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்த ஓனருக்குப் பாதிச் செலவு அங்கேயே மிச்சம். கேட்காமல் கியர் பாக்ஸை மொத்தமாகப் பிரித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மாற்றுக் கன்வர்ட்டர் மூன்று வகையில் கிடைக்கும்: கம்பெனி ஒரிஜினல், டூப்ளிகேட், பழையதை லேத்தில் வெட்டித் திறந்து உள்ளே சரிசெய்து மறுபடி வெல்டிங் வைத்தது. மூன்றாவது வகையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெல்டிங்குக்குப் பிறகு ஓட்டம் பார்த்து, எடை சமன் செய்து கொடுக்கிற பட்டறையாக இருந்தால் அது நன்றாக உழைக்கும். எதை வாங்கினாலும் பழையதையும் புதியதையும் சாக்கின் மேல் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கழுத்தின் நீளம், உள்ளே ஸ்ப்ளைன் பல்லின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் வட்டம், முன்மூக்கின் விட்டம். வெளியே அச்சாக ஒரே மாதிரி இருந்து கழுத்து மட்டும் சற்று நீண்டிருக்கிற சாமான்கள் உண்டு. பார்சலைப் பிரித்த அவசரத்தில் நேரே மாட்டினால் அந்த வித்தியாசம் இரும்பு உடைகிற சத்தத்தில்தான் தெரியவரும்.

வண்டியைத் தூக்குவது இதில் அழகான காரியம். முன்பக்கெட்டைத் தரையில் ஊன்றி, பின்னால் இரண்டு கால்களையும் இறக்கினால் வண்டி தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும். தூக்கிய உயரத்தில் அதை நம்பி ஒருவரும் கீழே படுக்கக் கூடாது. ஹைட்ராலிக் எந்த நேரமும் இறங்கலாம். கனமான மரக்கட்டைகளை அடுக்கி, எடை முழுவதையும் கட்டைக்கு மாற்றிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும். தண்டுகள், குழாய்கள், வயர்கள் எல்லாம் கழன்று, கியர் பாக்ஸ் ஜாக்கியில் பின்னுக்கு வந்து இறங்கும். இதற்குள் ஒரு பகல் போய்விடும்.

இனிதான் பொருத்துவது. பெரும்பாலான வண்டிகளில் கன்வர்ட்டரை முதலில் கியர் பாக்ஸில் ஏற்ற வேண்டும். அதன் கழுத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று இணைப்புகள். நடுவில் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டு. அதைச் சுற்றி ஸ்டேட்டரைப் பிடித்து நிறுத்தும், சுற்றாத குழல். எல்லாவற்றுக்கும் வெளியே, கழுத்தின் நுனியில் இருக்கிற வெட்டு. அது ஆயில் பம்ப்பின் சக்கரத்தில் போய் மாட்ட வேண்டும். மூன்றையும் கண்ணால் பார்க்க முடியாது. கழுத்தில் ஆயில் தடவி, சீலுக்கு அடிபடாமல் நேராகக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் தாங்கி, மெல்லத் தள்ளிக்கொண்டே சுற்ற வேண்டும். ஒரு பல் சேரும்போது ‘டொக்’ என்று கொஞ்சம் உள்ளே போகும். இன்னும் சுற்றினால் இன்னொரு ‘டொக்’. இரண்டாவதோடு பலபேர் நிறுத்திவிடுகிறார்கள். கன்வர்ட்டர் தாராளமாகச் சுற்றுகிறது, ஆடவில்லை, பார்வைக்கு உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது. பம்ப்பின் வெட்டில் மட்டும் இன்னும் விழவில்லை. பாக்கி இருப்பது விரற்கடை அளவுகூட இராது.

அந்தப் பாக்கியோடு கியர் பாக்ஸை ஏற்றி என்ஜினோடு சேர்த்தால் கியர் பாக்ஸின் முன்வாயான பெல் ஹவுசிங் முழுக்கச் சேராமல் கொஞ்சம் இடைவெளி காட்டும். வேலை கெடுவது இந்த இடத்தில்தான். பெயின்ட் தடுக்கிறது, டவல் ஊசி இறுக்கமாக இருக்கிறது, கியர் பாக்ஸ் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று காரணங்கள் தயாராக இருக்கும். சுற்றிலும் நீள போல்ட்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் இடைவெளி மூடியும்விடும். பார்த்தவர்களுக்கு நிம்மதி. உள்ளே கன்வர்ட்டரின் கழுத்து பம்ப்பின் சக்கரத்தை முட்டி அழுத்திக்கொண்டிருக்கும். என்ஜினைத் தட்டினால் சில நொடிகளில் பம்ப் உடையும், அல்லது கழுத்து கீறும், அல்லது பிளைவீலில் இருக்கும் மெல்லிய டிரைவ் பிளேட் வளையும். பிரஷர் இல்லாமல் வண்டி நகராது. புதுக் கன்வர்ட்டர், புது ஆயில், இரண்டு மூன்று நாள் கூலி, எல்லாம் போகும். பம்ப் என்று இன்னொரு செலவும் சேரும். போல்ட் பிடிப்பதற்கு இருக்கிறது. இழுப்பதற்கு அதைப் பயன்படுத்திய உடனே வேலை தப்பிவிட்டது. பெல் ஹவுசிங் கையாலேயே முகத்தோடு முகம் சேர வேண்டும். சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் உள்ளே சும்மா சுற்ற வேண்டும், டிரைவ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் காலியிடம் இருக்க வேண்டும். பிறகு அதை முன்னுக்கு நகர்த்தி, முன்மூக்கு பிளைவீலின் நடுக்குழியில் அமர்ந்ததைப் பார்த்து, ஒரு சின்னத் திறப்பு வழியாக, என்ஜினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டாகப் போட வேண்டும். அந்த போல்ட்டுகளுக்கும் அளவு உண்டு. ஒரு நூல் நீளம் கூடினாலும் நுனி கன்வர்ட்டரின் முகத்தில் குத்திப் பள்ளமாக்கிவிடும்.

சில மாடல்களில் வரிசை வேறு. கன்வர்ட்டரை முதலில் பிளைவீலில் மாட்டி மையம் பிடித்துவிட்டு, கியர் பாக்ஸை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். அங்கே மையம் பிடிப்பதற்கென்றே கருவி உண்டு. அது இல்லாதவர்கள் கண்ணால் பிடிக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மையம் தப்பினால் உடனே எதுவும் உடையாது, அதுதான் தொல்லை. என்ஜினும் பெல் ஹவுசிங்கும் சேருமிடத்தில் இரண்டு டவல் ஊசிகள் இருக்கும். முந்தைய வேலையில் ஒன்று தொலைந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். போல்ட் மட்டும் பிடித்தால் கியர் பாக்ஸ் மயிரிழை கீழே நிற்கும். கன்வர்ட்டரின் கழுத்து கொஞ்சம் தள்ளாடிச் சுற்றும், ஆயில் சீல் ஒரு பக்கமாகத் தேயும், சொட்டத் தொடங்கும். சீலை மாற்றுவார்கள். மறுபடி சொட்டும். சீல் டூப்ளிகேட் என்று திட்டிவிட்டு ஒரிஜினல் போடுவார்கள். அதுவும் சொட்டும். டயல் கேஜை வைத்துப் பிளைவீலின் முகத்தையும் நடுக்குழியையும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் சீல் கடைக்காரர் இத்தனை திட்டு வாங்கியிருக்க மாட்டார். பழைய கன்வர்ட்டர் உதிர்த்த இரும்புத் தூளும் இப்படித்தான். கூலரையும் குழாய்களையும் கழுவாமல் விட்டால் அது புதியதற்குள் போய் வேலையைத் தொடரும்.

எழுதுகிறவர்களுக்கு இந்த இடத்தில் கைப்பக்குவத்தைப் புகழத் தோன்றும். புத்தகம் பார்க்காமல், அளவு எடுக்காமல், அந்த மூன்றாவது ‘டொக்’கை உள்ளங்கையில் உணர்கிற மேஸ்திரிகள் இந்தச் சாலையில் இருக்கிறார்கள், இருக்கிறார்கள்தான். ஆனால் இந்தப் புகழ்ச்சியில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய உள்ளங்கை அவருக்கு மட்டும் சொல்கிறது. பக்கத்தில் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அது எதையும் சொல்வதில்லை. பல வருஷம் கூட நின்றால் வரும் என்பார்கள். வருகிறவர்களுக்கு வரும். வராதவர்கள் பாதியில் ஸ்விக்கி ஓட்டப் போய்விடுகிறார்கள்.

இரும்பு ஸ்கேல் ஒன்றைப் பெல் ஹவுசிங்கின் வாயில் குறுக்கே வைத்து, அங்கிருந்து கன்வர்ட்டரின் போல்ட் முகம் வரை எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று வெர்னியரால் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். புத்தகம் இல்லையென்றால், பழையதைக் கழற்றும் முன்பே அதே இடத்தில் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கலாம், இரண்டு கழுத்தும் ஒரே நீளம் என்று பார்த்துக்கொண்டால் போதும். மேஸ்திரி ‘உக்காந்துடுச்சி’ என்று சொன்ன பிறகு பையன் ‘இல்லண்ணா’ என்று வாய் திறக்க முடியாது. பட்டறையின் மரியாதைக் கணக்கு அப்படி. சுவரில் எழுதிய எண்ணைக் காட்டி ‘அண்ணா, நாலு கம்மியா இருக்கு’ என்று சொல்லலாம். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. அளந்தால் மேஸ்திரியின் திறமை குறைந்துவிடாது. பையனுக்குப் பேச ஒரு வாய் கிடைக்கிறது. இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு அதைவிடப் பெரிய சம்பளம் வேறு எதுவும் ஆரம்பத்தில் கிடைப்பதில்லை.

அளக்காததற்கு மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. ஓனர் காலையிலிருந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். போனில் பார்ட்டி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ‘இன்னைக்கு சாயங்காலம் ஏத்திடுவீங்களா?’ என்று மணிக்கொரு முறை கேட்கிறார். கூலி பேசும்போது கழற்றுவது, மாட்டுவது என்று இரண்டுக்குத்தான் கணக்கு. நடுவில் பார்ப்பது, அளப்பது, சந்தேகப்பட்டு மறுபடி இறக்குவது எதற்கும் காசு இல்லை. காசில்லாத வேலை, வெயில் இறங்குகிற நேரத்தில் தானாகவே நழுவிவிடுகிறது. வண்டி ஓடத் தொடங்கியதும் பிரேக்கை மிதித்து, கியர் போட்டு, முழு ஆக்ஸிலேட்டரில் சில நொடிகள் மட்டும் நிறுத்தி என்ஜின் வேகத்தைப் பார்க்கிற ஸ்டால் சோதனையும் இதே காரணத்தால் விட்டுப்போகிறது. சில நொடிகளுக்குமேல் பிடித்தால் ஆயில் எரியும். ஒழுங்காகச் செய்தால் வேலை சரியா என்பது பட்டறையிலேயே தெரிந்துவிடும், கூட்டேரிப்பட்டு தாண்டி நடுரோட்டில் தெரியவேண்டியதில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்வர்ட்டர் மாற்றும் வேலைக்குக் கூலி பேசும்போது அளப்பதற்கும் ஸ்டால் சோதனைக்கும் என்று அரை நாள் கூலியைத் தனியாகப் பேசிக் கொடுங்கள். கியர் பாக்ஸை ஏற்றும் முன் பக்கத்தில் போய் நின்று, ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தப் பையனிடம் கேளுங்கள். பதில் எண்ணாக வரவில்லை என்றால் அன்றைக்கு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.